பின் சக்கரம்

மாரிக்கனியின் தலையில் இடது காதுக்கு மேலே ஒன்பது தையல். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மூன்றாம் நாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு அவள் வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டது தையலுக்காக அல்ல, ஏழு வரிச் செய்திக்காக.

பக்கத்து வீட்டு பியூலா ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் இட்லியோடு ஒரு பேப்பரையும் கொண்டுவந்திருந்தாள். "அக்கா, ஒங்க பேரு பேப்பர்ல வந்துருக்கு" என்று சந்தோஷமாகத்தான் நீட்டினாள். பேப்பரில் பேர் வந்தால் நல்லதுதானே என்று நினைக்கிற மனசு அவளுக்கு. மாரிக்கனி எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள்.

"கார் மீது சைக்கிள் மோதல்: பெண் காயம்" என்று தலைப்பு. கீழே: "ராஜபாளையம் மேலத்தெருவைச் சேர்ந்தவர் மாரிக்கனி (51). இவர் மம்சாபுரம் விலக்கு அருகே சைக்கிளில் சென்றபோது எதிர்பாராத விதமாக நிலைதடுமாறி கார் மீது மோதி கீழே விழுந்தார். காயமடைந்த அவர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காரின் முன்பகுதி சேதமடைந்தது. போலீசார் விசாரித்து வருகின்றனர்."

"ஏட்டி, இத யாரு எழுதுனா?"

"பேப்பர்ல போட்டுருக்கான்க்கா."

"பேப்பரா எழுதும்? எழுதுனவனுக்குக் கையி காலு இருக்கும்ல. நான் முன்னால போறேன், காரு பின்னால வருது. பின்னால வாற காரு மேல நான் எப்படிட்டி போயி மோதுவேன்? ரிவர்ஸ்லயா போனேன்?"

பியூலா டிபன்பாக்ஸைத் திறந்தாள். இட்லி ஆறுது என்றாள். மாரிக்கனி இன்னொரு தரம் வாசித்தாள். அவள் பேர் இருந்தது, வயது இருந்தது, தெரு இருந்தது. கார் ஓட்டியவனுக்குப் பேரும் இல்லை, வயதும் இல்லை, ஊரும் இல்லை. அந்தக் கார் ஆளே இல்லாமல் தன்னால் வந்ததுபோல இருந்தது. அதற்கு அடிபட்டதை மட்டும் மறக்காமல் தனி வரியாகப் போட்டிருந்தார்கள்.

மாரிக்கனிக்கு இந்தச் செய்தி ஏன் இப்படிச் சுட்டது என்று புரிய வேண்டுமானால் அவள் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனி ஒன்றிலிருந்து காயத்துக்குக் கட்டும் துணியைப் பெரிய பெரிய கட்டாக வாங்கி, சுற்றுப்பட்ட கிராமங்களில் வீட்டோடு இருந்து மடித்துக் கொடுக்கும் பெண்களிடம் சேர்ப்பாள். மடித்து அடுக்கியதைத் திரும்ப வாங்கிக் கம்பெனியில் போடுவாள். கேரியரில் நாற்பது கிலோ ஏற்றினால் கட்டு அவள் தலைக்கு மேலே நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது, வெள்ளைத் துணிமூட்டை தன்பாட்டுக்கு ரோட்டில் போவது போலிருக்கும். இருபத்தெட்டு வருஷம் அப்படிப் போயிருக்கிறாள். ஆடி மாசக் காற்றில் லாரியே ஆடும் அந்த ரோட்டில் அவள் கட்டு ஆடியதில்லை. கம்பெனிக்குப் புதிதாக வந்த பையன்கள் அதே சுமையை ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் சாய்ந்ததை அவள் எத்தனையோ தரம் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அப்படிப்பட்டவளைப் பார்த்து நிலைதடுமாறி விழுந்தாள் என்று எழுதினால் பொறுக்குமா?

நடந்தது இவ்வளவுதான். மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்குக்கு முன்னால், தார் ரோட்டை விட்டிறங்கி இடதுபக்க மண்ணில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஹாரன் கேட்டது. அடுத்த நொடி முதுகுக்குப் பின்னால் கட்டு ஒரு தள்ளுத் தள்ளியது. பிறகு கண் விழித்தபோது ரோடு முழுக்க வெள்ளைத் துணி அவிழ்ந்து கிடந்தது, அதிலேயே ஒரு முழத்தைக் கிழித்து யாரோ அவள் தலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. அவள் மறுபடி கண்ணை மூடித் திறப்பதற்குள் அது இல்லை.

இட்லியைத் தின்று முடிப்பதற்குள் போன் வந்தது. மகன் சேதுபதி. ஆவடி பட்டாலியனில் போலீஸ். இருபத்தைந்து வயதுதான். ஆனால் அம்மாவிடம் பேசும்போது ஐம்பது வயது ஏட்டையா குரல் வந்துவிடும்.

"ம்மா, பேப்பர்ல பாத்தேன். ஊர்க்காரன் ஒருத்தன் வாட்ஸ்ஆப்ல அனுப்புனான். நான் எத்தன தடவ சொன்னேன்? ஒனக்கு வயசாயிருச்சு, பேலன்ஸ் போயிருச்சு. சைக்கிள விடுன்னா கேட்டியா?"

"ஏலே, பின்னால வந்து இடிச்சாம்லே."

"பேப்பர்ல அப்படிப் போடலயே."

"பேப்பரு சொன்னா சரி, ஆத்தா சொன்னா பொய்யி. அப்படித்தான?"

பிறகு அவன் சொன்னதுதான் அவளைக் குத்தியது. "அப்பாவும் இப்படித்தானம்மா போனாரு. பேலன்ஸ் இல்லாம தானா விழுந்து. ஒன்னையும் நான் அப்படி வாரிக் குடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழம வாரேன். சைக்கிள இரும்புக்கடையில போட்டுட்டு ஒன்னைய ஆவடிக்குக் கூட்டிட்டுப் போறேன். கம்பெனி சூப்பர்வைசர்ட்டயும் பேசிட்டேன். அவரும் பேப்பரப் பாத்துட்டாராம். இனி லோடு ஆட்டோல அனுப்பிக்கிறேன்னு சொல்லிட்டாரு."

மாரிக்கனி போனை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்தாள். அன்றைக்கு வியாழன். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். அதற்குள் தான் விழவில்லை, இடிக்கப்பட்டவள் என்று எங்காவது எழுத்தில் வராவிட்டால் சைக்கிள் போய்விடும், வேலை போய்விடும், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆவடியில் ஏதோ ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான். அவளால் ஒரு கல்யாண வீட்டில்கூடச் செத்த நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. பந்திக்குக் காத்திருக்கிற நேரத்தில் எழுந்துபோய் இலை எடுக்கிற ஜாதி அவள்.

புருஷன் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். மலைச்சாமி செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேலை முடிந்து சைக்கிளில் வந்தவரை ரோட்டோரம் கிடந்த இடத்திலிருந்து தூக்கிவந்தார்கள். உயிர் இல்லை. மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது. சைக்கிளில் சென்றபோது எதிர்பாராத விதமாக நிலைதடுமாறிக் கீழே விழுந்து இறந்தார் என்று. நிலைதடுமாறினார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? குடித்திருப்பான் என்றது. ஆடிக்கும் தைக்கும் மட்டும் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிற மனுஷன்தான். ஆனாலும் மாரிக்கனி ஊரை எதிர்த்துப் பேசவில்லை. அவளும் அதை நம்பினாள். பேப்பரில் போட்டிருக்கிறதே.

அந்த நாலு வரியைக் கத்தரித்து லேமினேட் பண்ணி, ரேஷன் கார்டோடு தகரப்பெட்டியில் வைத்திருக்கிறாள். ஸ்டேஷனில் கிடந்த அவருடைய சைக்கிளை வாங்கி, உருளாமல் மல்லுக்கட்டிய அதை ஒருவழியாக ஊர் கொண்டுவந்து பழைய இரும்புக்குப் போட்டாள். அப்போது சேதுபதிக்குப் பதினாலு வயது. அன்றைக்குப் பிறகு அவன் சைக்கிளைத் தொடவில்லை. அவளோ மூன்றாம் மாசமே சைக்கிளில் துணிக்கட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வருஷா வருஷம் திவசத்தன்று இலையில் சோற்றை வைத்துவிட்டுப் போட்டோவைப் பார்த்துத் திட்டுவாள். "பாத்துப் போகத் தெரியாத மனுசன். ஒரு சைக்கிள நேரா ஓட்டத் தெரியல. எங்களத் தெருவுல விட்டுட்டுப் போயாச்சு." பதினோரு வருஷமாக இதே பாட்டுத்தான்.

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு நேரே ஸ்டேஷனுக்கு நடந்தாள். பியூலா பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தலையில் அடிபட்டவள் நடக்கிற நடை மாதிரியே அது இல்லை என்று பியூலா பிற்பாடு தெருவெல்லாம் சொன்னாள்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். "ஒங்க மகன் டிபார்ட்மெண்ட்னு சொன்னாங்கம்மா. கார்க்காரரு அன்னிக்கே அவராவே வந்து ஸ்டேட்மெண்ட் குடுத்துட்டாரு. சைக்கிள் ஆடி வந்து மோதுச்சுன்னு. நீங்க மயக்கத்துல இருந்தீங்க. நாங்க யார்ட்டக் கேக்குறது?"

"மறுநா ஒரு போலீசுக்காரத் தம்பி கட்டிலுக்கு வந்துச்சே. பேரு கேட்டுச்சு, வயசு கேட்டுச்சு, தெரு கேட்டுச்சு, வீட்டுக்காரர் பேரு கேட்டுச்சு. அத இந்தா, இவதான் சொன்னா. எப்படி அடிபட்டுச்சுன்னு மட்டும் கேக்காமப் போயிருச்சே."

ரைட்டர் பேனாவைத் திறந்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். அதைப் பைலில் வைத்துக் கட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம் என்றார். செய்தி எழுதுகிறவர் யாரென்று கேட்டாள். தெற்கு ரத வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அனந்தபத்மநாபன் என்றார். "தினம் இங்கேருந்து லிஸ்ட் அனுப்புவோம், அவரு எழுதிக்குவாரு."

சைக்கிள் ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சாய்ந்து கிடந்தது. மாரிக்கனி முதலில் முன் சக்கரத்தைத் தட்டிவிட்டாள். சொடக்குப் போட்ட மாதிரி நேராகச் சுழன்றது. பின் சக்கரம் பொரித்த அப்பளம் போல நெளிந்து, மட்கார்டு அதற்குள் அமுங்கிக் கிடந்தது. கேரியர் கம்பி ஒருபக்கமாக மடங்கியிருந்தது. அவள் குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்தாள்.

"ஏட்டி பியூலா, பாத்தியா. இது சொல்லுது பாரு."

"என்ன சொல்லுது?"

"எந்தப் பக்கம் அடின்னு சொல்லுது. வா."

பின் சக்கரம் உருளாது. மாரிக்கனி கேரியரைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கினாள். பியூலா முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு, தலையில் கட்டோடு ஒரு பொம்பிளையும் இடுப்பில் டிபன்பையோடு ஒரு பொம்பிளையும் ரத வீதிக்குள் நுழைந்ததைக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அனந்தபத்மநாபனுக்கு அறுபத்திரண்டு வயது. நெற்றியில் பளிச்சென்று நாமம், மடித்துக் கட்டிய வேட்டி. ஜெராக்ஸ் மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து போனில் யாரிடமோ கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். "நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு எழுதினது சார். ஆண்டாள் சாத்திண்டிருந்தது பச்சைப் பட்டு. நீங்க சிவப்புன்னு போட்டிருக்கேள். நாளைக்கு ஊர்ல நான் எப்படித் தலைகாட்டறது? திருத்தம் போட்டே ஆகணும்." போனை வைத்தபின்தான் வாசலைப் பார்த்தார்.

"சாமி, நீங்கதான் பேப்பர்ல எழுதுறவுகளா?"

"ஆமாம்மா. உள்ளே வாங்கோ. தலையில என்ன இவ்ளோ பெரிய கட்டு?"

"அத நீங்கதான எழுதுனீக."

அவர் முழித்தார். மாரிக்கனி பேப்பரை மேஜையில் விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். தான் எழுதியதையே முதல் தரம் வாசிக்கிறவர் மாதிரி வாசித்தார்.

"நீங்க வந்து பாத்தீகளா சாமி?"

"எங்கேம்மா போய்ப் பாக்கறது? தினம் ரெண்டு மூணு வரும். லிஸ்ட்ல பேர், வயசு, ஊர், இடம், என்ன வண்டின்னு இருக்கும். நான் பழைய நியூஸ் ஒண்ணை எடுத்து, அதுல பேரையும் இடத்தையும் மாத்தி அனுப்பிடுவேன். உங்க மேல எனக்கு என்ன விரோதம், சொல்லுங்கோ? உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் எழுதலை. எல்லாருக்கும் இதேதான்."

தன்மேல் குற்றமில்லை என்று காட்டத்தான் அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார், பாவம். ஒவ்வொன்றாகத் திறந்தார். வத்திராயிருப்பில் ஒரு பால்காரர். பிளவக்கல் ரோட்டில் ஒரு கூலியாள். அய்யனார் கோவில் போய்த் திரும்பிய ஒரு பெரியவர். டியூஷன் விட்டு வந்த பிளஸ் ஒன் மாணவி. எல்லாரும் சைக்கிளில் சென்றார்கள். எல்லாரும் எதிர்பாராத விதமாக நிலைதடுமாறினார்கள். மாரிக்கனி குனிந்து ஒவ்வொன்றையும் வாசித்தாள். அவளுக்குள் என்னவோ நமைச்சலாக இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

"இம்புட்டுப் பேருமா சாமி நெலதடுமாறுனாக?"

அவர் மௌஸை அப்படியும் இப்படியும் நகர்த்தினார்.

"சேலைக் கலருக்குத் திருத்தம் போடச் சொன்னீகள்ல. இதுக்கும் போடுங்க."

"அது கோவில் சமாச்சாரம்மா. ஊரே பாக்கும். ஆக்ஸிடெண்ட் நியூஸுக்கெல்லாம் ஜில்லா ஆபீஸ்ல திருத்தம் போட மாட்டா."

"எம்மவன் பாத்துட்டான். கம்பெனில பாத்துட்டாக. நீங்க எழுதுனத வச்சுத்தான் என் சைக்கிளப் புடுங்கப் போறாக. சாமி, செத்த எந்திரிச்சு வெளிய வாங்க. ஆண்டாள் சேலைய நேர்ல போயிப் பாத்தீகள்ல, இதையும் பாருங்க."

அவர் வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்தார். மாரிக்கனி முன் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினாள். பிறகு பின் சக்கரத்தைக் காட்டினாள். "முன்னால போற சைக்கிளு காரு மேல மோதுனா எந்தச் சக்கரம் வளையும் சாமி?"

"முன் சக்கரம்" என்றார் அவர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

நெளிந்த கம்பிகளை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. இருபத்து மூன்று வருஷமாக விபத்துச் செய்தி எழுதுகிறார், அடிபட்ட சைக்கிள் ஒன்றைக் கிட்டே இருந்து பார்ப்பது இதுதான் முதல் தரம் என்று அவரே சொன்னார். போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். அவளிடம் நம்பர் கேட்டு வாங்கினார், தன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "எழுதி அனுப்பறேன். போடுவாளான்னு எனக்குத் தெரியாது" என்றார். அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. மாரிக்கனிக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுபடி கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். ராஜபாளையம் போகிற மினி லாரி ஏதாவது ஏற்றிக்கொள்ளும். தேரடி தாண்டியதும் கை கடுத்தது. மாரிக்கனி கேரியரை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். உள்ளங்கையில் அந்தக் கம்பி அழுத்திய இடம், முழங்கை இழுத்த இழுப்பு, முன்னால் ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக் கொண்டு போக, தான் பின்னால் தூக்கிக்கொண்டு குனிந்து நடக்கிற நடை. இதை ஏற்கெனவே செய்திருக்கிறோமே என்று கைக்குத்தான் முதலில் தெரிந்தது. மனசுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சைக்கிளைக் கீழே விட்டுவிட்டாள்.

"என்னக்கா, தல சுத்துதா?"

மாரிக்கனி நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே ஊர் ஸ்டேஷனிலிருந்து இதே மாதிரிதான் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். அதுவும் உருளவில்லை. அதையும் பின்னால்தான் தூக்கிக்கொண்டு போனாள். முன்னால் ஹேண்டிலைப் பிடித்து அழுதுகொண்டே நடந்தது சேதுபதி. அதன் முன் சக்கரம் நன்றாகத்தான் ஓடியது. ஓடியதால்தானே உருட்ட முடிந்தது.

கண்ணால் பார்த்தாள். கையால் தூக்கினாள். அதை விட்டுவிட்டுப் பேப்பரில் இருந்த நாலு வரியை நம்பினாள். அவர் தானாக விழுந்தார் என்று நம்பினாள். குடித்திருப்பார் என்று ஊர் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தாள். செத்துப்போன மனுஷனை வருஷா வருஷம் இலைக்கு முன்னால் உட்காரவைத்துத் திட்டினாள். அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு குனிந்து அழுதாள். ரோட்டில் போகிறவர்கள் தலைக்கட்டைப் பார்த்துவிட்டு வலியில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமைப் பேப்பரில் திருத்தம் இல்லை. பியூலா டீக்கடை பேப்பரை முழுக்கப் புரட்டிவிட்டு வந்து சொன்னாள். ஆண்டாளின் பச்சைப் பட்டுக்குத் திருத்தம் வந்திருந்ததாம். மாரிக்கனி அன்றைக்கெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தாள். அடுப்படிக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் அடுப்படிக்கும். உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். புருஷன் போட்டோ பக்கம் மட்டும் போகவில்லை. அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலையில் சேதுபதி வந்தான். பையை இறக்கியதும் அம்மாவின் தலையைத் தடவிப் பார்த்தான், கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே ஏட்டையா குரல் வந்துவிட்டது. துணிமணி எடுத்து வை, சாயங்காலம் டிரெயின் என்றான். வாசலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்துக்கூட நிற்கவில்லை. இரும்புக்கடைக்காரர் பத்து மணிக்கு வருவார் என்றான்.

"அவரு வரட்டும். அதுக்கு முன்னால இந்த ரெண்டயும் வாசி" என்று மாரிக்கனி வியாழக்கிழமைப் பேப்பரையும் தகரப்பெட்டியிலிருந்த லேமினேட் துண்டையும் அவன் கையில் கொடுத்தாள்.

"இத எதுக்கும்மா இப்ப?"

"சத்தமா வாசிலே."

அவன் முதலில் அம்மாவுடையதை வாசித்தான். பிறகு அப்பாவுடையதை எடுத்தான். "சைக்கிளில் சென்றபோது எதிர்பாராத விதமாக..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பேர் வேறு, வயது வேறு, இடம் வேறு. விழுந்த விதம் மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அவனும் டிபார்ட்மெண்டில் இருக்கிறவன். ஒரே வாக்கியம் எப்படி இரண்டு பேருக்கு வரும் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"ரெண்டும் ஒரே ஆளு எழுதுனது. எதையும் வந்து பாக்கல. அவரே சொன்னாரு" என்றாள் மாரிக்கனி. "இப்ப வெளிய வா. இந்தச் சைக்கிள ஸ்டேஷன்லருந்து எப்படிக் கொண்டாந்தேன் தெரியுமா? நீ முன்னால ஹேண்டிலப் புடி."

அவன் புரியாமல் ஹேண்டிலைப் பிடித்தான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவன் கை ஒரு சைக்கிளில் பட்டது அப்போதுதான். மாரிக்கனி பின்னால் கேரியரைத் தூக்கினாள். இரண்டு எட்டு நடந்தார்கள். மூன்றாவது எட்டில் சேதுபதி நின்றுவிட்டான். திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

"ம்மா."

"சொல்லுலே."

"அப்பா சைக்கிளயும் இப்படித்தான உருட்டிட்டு வந்தோம். நாந்தான முன்னால வந்தேன்."

"ஆமாலே. நீதான் வந்த."

"அப்ப பின் வீலுதான..." என்றான். ஹேண்டிலை விடாமலே நின்றான். அவனும் பதினோரு வருஷமாக அப்பாவை ஓட்டத் தெரியாத ஆளாகத்தான் மனசில் வைத்திருந்தான். அந்தப் பயத்தில்தான் அம்மாவைக் கட்டிப்போட வந்தான். மாரிக்கனி அவனைத் தேற்றவில்லை. அவளுக்கே தேற்றிக்கொள்ளத் தெரியவில்லை. இரண்டு பேரும் அந்தச் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் நின்று அழுதார்கள்.

பத்து மணிக்கு இரும்புக்கடைக்காரர் தட்டுவண்டியோடு வந்தார். சேதுபதி அவரை இல்லை என்று அனுப்பிவிட்டான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "அம்மா பத்து நாள்ல வேலைக்கு வருவாங்க சார். அவங்க விழல, பின்னால வந்து இடிச்சுட்டான்" என்றான். சைக்கிளை ஒற்றைச் சக்கரத்தில் உருட்டி, தெருமுனையில் இருக்கிற சைக்கிள் கடைக்கு அவனே கொண்டுபோனான். பின் சக்கரத்தைக் கழற்றிப் புதுசு மாட்டச் சொன்னான். பழைய சக்கரத்தைக் கடையில் விடாமல் வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டான். கேஸுக்கு வேண்டும் என்றான்.

மாரிக்கனிக்கு உட்கார முடியவில்லை. போட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. வாழ்ந்த காலத்திலும் ஒருநாள் கேட்டதில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு சீட்டிலிருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டாள்.

"சாமி, ராஜபாளையத்து மாரிக்கனி பேசுறேன்."

"அம்மா, நான் எழுதி அனுப்பிட்டேன். அவா போடலை. நாளைக்கும் கேக்கறேன்." குரலில் சங்கடம் தெரிந்தது.

"என்னுதப் போடாட்டியும் போகுது சாமி. நான் உசுரோட இருக்கேன், எம்மவன்ட்ட நானே சொல்லிட்டேன். இன்னொருத்தருக்குப் போடணும். பதினோரு வருசம் ஆயிருச்சு. செண்பகத்தோப்பு ரோட்டுல. அதுவும் நீங்க எழுதுனதுதான்."

அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "யாரும்மா அது?"

"எங்க வீட்டுக்காரரு."

பேப்பரைத் தேடி எடுக்கிற சத்தம் கேட்டது. "பேர் சொல்லுங்கோ. எழுதிக்கறேன்."

சேதுபதி வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தான். அம்மா எந்த ஆபீஸிலும் அப்பா பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையிலானாலும் ஆஸ்பத்திரியிலானாலும் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் சொல்வார்கள். அவன் போனை வாங்கக் கையை நீட்டினான். மாரிக்கனி கொடுக்கவில்லை.

"மலைச்சாமி" என்றாள். "வயசு நாப்பத்தஞ்சு."

அவர் எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு அனந்தபத்மநாபன் இருபத்து மூன்று வருஷத்தில் யாரிடமும் கேட்காததை அவளிடம் கேட்டார்.

"எந்தச் சக்கரம்மா வளைஞ்சிருந்தது?"

"பின் சக்கரம் சாமி" என்றாள் மாரிக்கனி.